மேசைக்கு அடியிலிருந்து நீண்ட கை

தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டில் ஒரே காம்பிராதான்; சமையலும் படுக்கையும் அந்த ஓர் அறையில்தான். அங்கிருந்துதான் பல்கலைக்கழகப் பரீட்சையை இணையவழியில் கமரா முன் எழுதினேன்.

"வேற யாரும் கமராவுல தெரிஞ்சா பரீட்சைய நிப்பாட்டிருவாங்கம்மா" என்று அம்மாவிடம் முன்பே சொல்லியிருந்தேன்.

மத்தியானம் கொழுந்து பறித்துவிட்டு மழையில் நனைந்து வந்த அம்மா, நான் குளிரில் நடுங்குவதைக் கண்டார். கமராவுக்குத் தெரியாமல் தரையில் தவழ்ந்து வந்து, மேசைக்கு அடியிலிருந்து தேநீரை நீட்டினார். திரையில் கை மட்டும் தெரிந்தது. பரீட்சை நின்றது.

"யார் அது? கமராவைத் திருப்புங்கோ," என்றார் கண்காணித்த விரிவுரையாளர்.

திருப்பினேன். தரையில் கிடந்தபடியே அம்மா கைகூப்பினார். "நான் ஒன்னும் சொல்லிக் குடுக்கலீங்க. புள்ளைக்குத் தேத்தண்ணிதாங்க."

விரிவுரையாளர் பரீட்சையை மறுபடி திறந்துவிட்டார். "சரியம்மா. பிள்ளை, குடிச்சிட்டு எழுதுங்கோ."

இப்போதெல்லாம் பரீட்சை தொடங்குமுன், அடையாள அட்டையோடு அம்மாவையும் கமராவுக்குக் காட்டிவிடுகிறேன். அதற்காகவே அம்மா தலைவாரிப் பொட்டு வைத்துக்கொண்டு நிற்கிறார்.