இருபது ரூபாய் டிக்கெட்டை நம்பாதவன்

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு வேங்கிக்காலில் ஆட்டோ ஏறினேன். திருவண்ணாமலை ரயில் நிலையத்துக்கு நூற்றைம்பது ரூபாய். அங்கே வேலூர் கன்டோன்மென்டுக்கு டிக்கெட் கேட்டேன். இருபது ரூபாய். எண்பது கிலோமீட்டருக்கு மேல் போவதற்கு இருபது! ஆட்டோக்காரர் ஜாஸ்தி வாங்குவது பழகிப்போன விஷயம், அதில் பயமில்லை. கம்மியாக வாங்குகிறவர்களைத்தான் எனக்குப் பயம்.

ஆட்டோக்காரர் வேறு எரிகிற நெருப்பில் எண்ணெய் விட்டிருந்தார். "ட்ரெயின நம்பியா சார் போறீங்க? கிராஸிங்ல போட்டுட்டா அவ்ளோதான். பஸ்ஸுனா கை காட்னா நிக்கும்."

எங்கள் ஊரில் ரயில் என்பது பௌர்ணமிக்கு வெளியூர்க்காரர்கள் வந்து இறங்குகிற வண்டி. நாங்கள் போவது பஸ்ஸில். ஆனால் ஐம்பத்தொரு வயதில் எனக்கு வேலூருக்கு மாற்றல் வந்துவிட்டது. புது மேலதிகாரி போனிலேயே சொல்லிவிட்டார்: "டெய்லி பத்து மணிக்கு சீட்ல இருக்க முடியும்னா அங்கிருந்து வாங்க. இல்லனா இங்கியே ரூம் பாத்துக்கோங்க." மனைவிக்குத் திருவண்ணாமலையில் பள்ளிக்கூட வேலை, மகள் பிளஸ் டூ. ரூம் என்றால் நான் மட்டும் தனியாக வேலூரில். ஞாயிற்றுக்கிழமைகளில் சொந்த வீட்டுக்கு விருந்தாளி. அதைத் தவிர்க்க இந்த இருபது ரூபாயை விட்டால் வேறு வழியில்லை.

ஏழு மணி. வண்டி சரியான நேரத்துக்குப் புறப்பட்டது. என் சந்தேகம் இரண்டு மடங்கானது. மின்விசிறியைப் போட்டுப் பார்த்தேன், சுற்றியது. குழாயைத் திறந்தேன், தண்ணீர் வந்தது. இதற்கெல்லாம் சேர்த்து எங்கேயோ ஓரிடத்தில் வசூலிக்கப் போகிறார்கள்.

எதிரே இருந்த பெண்ணின் பெயர் கவிதா. வேலூரில் நர்ஸ். நான்கு வருடமாக இதே வண்டி, இதே ஜன்னல்.

"எத்தினி மணிக்கும்மா வேலூரு போவும்?"

"எட்டே முக்காலு சார்."

"டெய்லியுமா?"

"சில நாளு எட்டு அம்பது ஆவும்."

"அதுக்கு மேல ஆனதில்ல?"

"சார், நீங்க பேங்க்ல இருக்கீங்களா?"

"இல்லியே, ஏன்?"

"லோன் குடுக்கறவரு மாதிரியே கேக்குறீங்க."

போளூர் போனது. ஆரணி ரோடு போனது. எட்டு பத்துக்குக் கண்ணமங்கலத்தில் வண்டி நின்றது. ஒற்றைப் பாதை, எதிர் வண்டி வந்து தாண்டினால்தான் இது நகரும். ஐந்து நிமிடம். பத்து நிமிடம். பெட்டியில் யாரும் தலையைக் கூடத் தூக்கவில்லை. கவிதா இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் மட்டும் நிமிடத்துக்கு ஒரு தடவை கடிகாரத்தைப் பார்த்தேன். எங்கோ ரோட்டில் பஸ் ஹாரன் கேட்டது. கேட்டதும் என் கால்கள் என்னோடு கலந்தாலோசிக்காமல் எழுந்துகொண்டன.

"எங்க சார்?"

"பஸ்ல போயிடறேம்மா."

"எதிர் வண்டி இதோ வந்துடும் சார். தெனமும் இங்கதான் கிராஸிங்."

"அப்படித்தான் சொல்லுவாங்க."

"யாரு சொல்லுவாங்க?"

இறங்கிவிட்டேன்.

நிலையத்து வாசலைத் தாண்டுவதற்குள் எதிர் வண்டி வந்து போயிற்று. அடுத்த நிமிடம் என் வண்டியும் ஊதிக்கொண்டு கிளம்பியது. ஜன்னலிலிருந்து கவிதா கையை ஆட்டினாள். மரியாதையாகத்தான் ஆட்டினாள்.

முதல் பஸ்ஸுக்குக் கை காட்டினேன். டிரைவரும் பதிலுக்குக் கை காட்டிவிட்டுப் போனார். ஒன்பது மணிக்கு வந்த இரண்டாவதில் உள்ளே ஒரு கம்பியைப் பிடிக்க இடம் கிடைத்தது. சுமார் இருபத்தைந்து கிலோமீட்டருக்கு இருபத்தைந்து ரூபாய், நின்றுகொண்டு. கணியம்பாடியில் நின்றது. அடுக்கம்பாறையில் ஆஸ்பத்திரிக் கூட்டத்துக்கு நின்றது. பாகாயத்தில் எதற்கென்றே தெரியாமல் நின்றது. நின்ற இடத்தில் எல்லாம் இறங்கி ஓட முடிந்திருந்தால் ஓடியிருப்பேன். வாசல் வரைக்கும் நாற்பது பேர் நெருக்கிக்கொண்டிருந்தார்கள்.

அலுவலகத்தில் நுழையும்போது பத்து இருபது.

மேலதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். "என்ன, ட்ரெயின் லேட்டா?"

பொன்னான வாய்ப்பு. அவரே எடுத்துக் கொடுக்கிறார். ஆமாம் என்றால் மொத்த அலுவலகமும் நம்பும். என் மானம் தப்பும். ஆனால் அடுத்த வார்த்தை 'ரூம்' என்று வரும். மானத்தையும் வீட்டையும் மாறிமாறிப் பார்த்தேன்.

"இல்ல சார். வண்டி கரெக்டா வந்திருக்கும். நான்தான் கண்ணமங்கலத்துல எறங்கிட்டேன்."

"எதுக்கு எறங்குனீங்க?"

"வண்டி நின்னுச்சி சார்."

"நின்னா?"

"பயந்துட்டேன்."

பக்கத்து மேசைக்காரர் ஃபைலால் முகத்தை மூடிக்கொண்டார். மேலதிகாரி மட்டும் சிரிப்பை விழுங்கிக்கொண்டு சொன்னார்: "சரி, ஒரு மாசம் வந்து பாருங்க. ஆனா தயவுசெஞ்சி வேலூர்ல எறங்குங்க."

மாலை ஐந்தரைக்குக் கன்டோன்மென்ட் கவுன்டரில் சீசன் டிக்கெட் கேட்டேன்.

"ஒரு மாசமா, மூணு மாசமா?" என்றார் கவுன்டரில் இருந்த அம்மா. "மூணு மாசம்னா இன்னும் கம்மியா வரும்."

கம்மி என்றதும் எனக்குள் மணி அடித்தது. "ஒரு மாசமே போதும்ங்க."

"மூணு மாசமே போடுங்கக்கா," என்று பின்னாலிருந்து குரல். கவிதா, டியூட்டி முடிந்து வந்திருந்தாள். "மறுபடி எறங்கி ஓடுனா நாங்க புடிச்சி உக்கார வெக்கிறோம்."

மூன்று மாதத்துக்கே வாங்கிக்கொண்டேன். தேதியை இரண்டு தடவை சரிபார்த்தேன். பஸ்ஸில் பயம் வந்தால் கண்டக்டரிடம் சொல்லி இறங்கிவிடலாம், கூட்டம் வழிவிட்டால். ரயிலில் பயத்தையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கிறது. அதைப் பழக மூன்று மாதம் போதுமா என்பதுதான் இப்போதைய சந்தேகம்.