மயிலத்தில் ஏறிய டிரங்குப் பெட்டி

போன செவ்வாய்க்கிழமை திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்குப் பாசஞ்சரில் போய்க்கொண்டிருந்தேன். மயிலத்தில் ஒருவர் ஏறினார். கண்ணாடி, கிராப்பு, தூசி படிந்த பூட்ஸ். கூடவே ஒரு டிரங்குப் பெட்டி. அவரும் ஒரு மாட்டுவண்டிக்காரரும் சேர்ந்து அதை உள்ளே தள்ளியபோது பலகை அதிர்ந்தது. பெட்டி வந்து நின்ற இடம் — என் காலடி!

நான் எப்பேர்ப்பட்ட தைரியசாலி என்பது வாராவாரம் என்னைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். தந்திச் சேவகன் எதிர் வீட்டுக் கதவைத் தட்டினால் நான் எங்கள் வீட்டுக் கதவைத் தாழ்போடுவேன். அதிலும் இது யுத்த காலம். ஜப்பான்காரன் இன்றைக்கு வருவான், நாளைக்கு வருவான் என்று பட்டணத்து ஜனங்கள் மூட்டை முடிச்சோடு எங்கள் ஊரில் வந்து இறங்கியிருக்கிறார்கள். பக்கத்திலேயே பிரெஞ்சுக்காரர் எல்லை வேறு. இந்தச் சமயத்தில் முன்பின் தெரியாத ஒருவர், இரும்புக் கனத்தில் ஒரு பெட்டி... வேவுகாரனோ? உள்ளே என்ன இருக்கும்?

கேட்டே விட்டேன்.

"மரம்" என்றார்.

மரமா? நான் மூன்றாம் பாரத்தோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன்தான். அதற்காக மரத்தின் கனம்கூடவா தெரியாது?

"திருவக்கரையில எடுத்தது சார். மனுஷன் பிறக்கிறதுக்கு முந்தி நின்ன மரம். மண்ணுக்குள்ள கிடந்து கிடந்து கல்லாயிடுச்சு. நான் திருச்சியில காலேஜ் வாத்தியார். பசங்களுக்குக் காட்டணும்."

மெல்லக் காலைத் தூக்கி பெஞ்சு மேல் வைத்துக்கொண்டேன். பொய் சொல்வதென்றால் இதைவிட நல்ல பொய்யாகச் சொல்லக்கூடாதோ?

விழுப்புரம் வந்தது. அதே பிளாட்பாரத்தின் மறுபக்கம் திருச்சி வண்டி புறப்படத் தயாராக நின்றது. பெட்டியைத் தூக்கிய போர்ட்டர் முக்கிய முக்கலில் கான்ஸ்டபிள் ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

"யோவ், நில்லு. பெட்டியில இன்னா?"

"மரங்க" என்றார் வாத்தியார்.

போர்ட்டர் தொப்பென்று இறக்கினார். "மரமா? கழுத்து ஒடியுது ஏட்டையா!"

பெட்டி திறந்தது. பட்டை, கணு, வெட்டு முகத்தில் வளையம் வளையமாக ரேகை — பார்த்தால் விறகுக் கட்டையேதான். கான்ஸ்டபிள் லத்தியால் தட்டினார். ணங்!

"கல்லுய்யா இது."

"கல்லுதாங்க. ஆனா மரம்."

"வண்டியில வரச்சொல்ல மரம், எறங்கினா கல்லா? ஸ்டேஷனுக்கு வா. அங்க இன்னாவா மாறுதுன்னு பாக்கலாம்."

சும்மா இருக்குமா கூட்டம்? "பாண்டிச்சேரி சரக்கு ஏட்டையா. உள்ள கொடைஞ்சு தங்கம் வச்சிருப்பான்" என்று ஒரு குரல் எடுத்துக் கொடுத்தது. கான்ஸ்டபிளுக்கு அது நியாயமாகப் பட்டது. அந்தப் பக்கம் போன, தண்டவாளம் பழுது பார்க்கும் காங்மேன் கையிலிருந்த சம்மட்டியை வாங்கினார். என்னையும் ஒரு பார்வை பார்த்தார்.

"நீங்க இவரு கூட வந்தவரா?"

"அவர் யாரோ, நான் யாரோ!" என்றேன். வேறென்ன சொல்வேன்?

வாத்தியார் கீழே உட்கார்ந்து, இருப்பதிலேயே பெரிய கட்டையைக் கட்டிக்கொண்டார். "பூச்சி துளைச்ச ஓட்டைகூட இதுல அப்படியே இருக்கு சார்! இப்படி ஒண்ணு கிடைக்காதான்னு வருஷக்கணக்கா அலைஞ்சேன். உடைச்சா ஒட்டாது சார்!"

"நவுருய்யா."

சம்மட்டி மேலே போனது. அப்போதுதான், எங்கள் வண்டியிலிருந்து மல்லாட்டைக் கூடையோடு (வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர்) இறங்கிய ஓர் அம்மாள் போட்டாள் ஒரு கூச்சல்.

"ஐயையோ, ஒடைக்காதீங்க சாமி! அது வக்கராசுரன் எலும்பு! திருவக்கரை எங்கூருதான். எங்க காளியம்மா அவனைக் கொன்னு போட்டா இல்ல, அந்த எலும்புதான் கல்லாக் கெடக்குது. நாங்க ஒரு துண்டுகூட வூட்டுக்கு எடுத்துக்கினு போவ மாட்டோம். இந்தாளு பூட்டுப் போட்டு எடுத்துக்கினு போறாரே, இவருக்கு இன்னா கேடோ!"

சம்மட்டி இறங்கியது — தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் விடுவது மாதிரி.

"எலும்பா சார்?" என்றார் கான்ஸ்டபிள். 'யோவ்', 'சார்' ஆகிவிட்டதைக் கவனித்தீர்களா?

"மர..." என்று ஆரம்பித்தார் வாத்தியார். திருச்சி வண்டி விசில் ஊதியது. வண்டியைப் பார்த்தார், சம்மட்டியைப் பார்த்தார், மடியிலிருந்த கட்டையைப் பார்த்தார்.

"எலும்புதாங்க."

விளக்கெண்ணெய் குடித்த முகம்.

"அத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா சார்? இன்னாத்துக்கு இவ்ளோ பேஜாரு? ஜல்தி போங்க, வண்டி பூடும்!"

போவதா? போர்ட்டர் பின்வாங்கிவிட்டார். "எலும்பா? நான் புள்ளகுட்டிக்காரன்பா" என்று கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு நடையைக் கட்டினார். கூட்டமும் கலைந்தது. வாத்தியார் தனியாகப் பெட்டியை இழுத்துப் பார்த்தார். அது அசையவில்லை.

எனக்கு அப்போதுதான் ஒன்று உறைத்தது. பிழைக்கத் தெரிந்த வேவுகாரன் முதல் கேள்விக்கே 'எலும்பு' என்றிருக்கமாட்டானா? யாரும் நம்பாததை, சம்மட்டி வந்த பிறகும் சொல்லிக்கொண்டிருந்தவன் வேவுகாரனா? இன்னொரு பக்கத்துப் பிடியை நான் பிடித்தேன்.

வண்டி நகர ஆரம்பித்த பிறகுதான் பெட்டி உள்ளே போனது. வாத்தியார் ஜன்னலில் கழுத்தை நீட்டி, கையை ஆட்டி, தொண்டை கிழியக் கத்தினார்: "மரம்தான்! சத்தியமா மரம்தான்!"

கான்ஸ்டபிள் காதருகே கை வைத்தார். "இன்னா சார் சொல்லிக்கினு போறாரு?"

"உங்களுக்கு நமஸ்காரம் சொல்றார்" என்றேன்.

வீடு திரும்பியதும் கிணற்றடியில் தலை முழுகிவிட்டுத்தான் உள்ளே போனேன். மரம்தான், நம்புகிறேன்... இருந்தாலும் எதற்கு வம்பு?