கடல் பச்சையான புரட்டாசி

என் அப்பா தாமிரபரணிப் பாசனத்தில் நெல் போடுகிறவர். என் கணவர் திரேஸ்புரத்தில் ஃபைபர் படகு வைத்து மீன் பிடித்தவர். சாதியும் மதமும் வேறு என்பதால் கல்யாணத்துக்குப் பிறகு அப்பா என்னோடு பேசாமல் இருந்தார். மகள் பிறந்ததும் மனசு இளகி வந்தார். அதன்பின் மாமனாரும் மருமகனும் என்னைவிட ஒட்டிக்கொண்டார்கள்.

எனக்கு ஓர் ஆய்வகத்தில் ஒப்பந்த வேலை. துணிவலையால் கடல்நீரை வடித்து, அதில் மிதக்கும் கண்ணுக்குத் தெரியாத உயிர்களை மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். பிளாங்டன் என்போம். சாளை மீன் அதைத் தின்கிறது, சாளையைச் சீலா மீன் தின்கிறது, சீலாவை நாம் தின்கிறோம். சாளை குறைந்துபோன நாட்களில் என் கணவர் கேலி செய்வார்: “நீ கண்ணாடில பாத்துட்டே இரி. மீனு தன்னால வந்துரும்.”

தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று அடங்கிய ஒரு புரட்டாசியில், ஆய்வகம் வழக்கமாக எடுக்கும் படகு பழுதானது. என் கணவரின் படகைக் கேட்டார்கள். கல்யாணமாகி அத்தனை வருடத்தில் நானும் அவரும் சேர்ந்து கடலுக்குப் போனது அன்றுதான். எனக்கு உள்ளூரச் சந்தோஷமாக இருந்தது.

துறைமுகத்தைத் தாண்டியதும் நாற்றம் அடித்தது. தண்ணீர், மருதாணியை அரைத்துக் கரைத்ததுபோலப் பச்சையாகக் கிடந்தது. வலையை இழுத்தால் கூழாக வழிந்தது. கரைக்கு எதிரே இருந்த சிறு தீவை ஒட்டிய பவளப்பாறைமேல் கிளிமீனும் ஓராவும் வயிற்றைக் காட்டி மிதந்தன.

அவர் இளவயதில் சங்கு குளித்தவர். நான் தடுக்கத் தடுக்க, முகமூடியை மாட்டிக்கொண்டு குதித்துவிட்டார். மேலே வந்தபோது கண்கள் சிவந்திருந்தன. தூங்கும் பிள்ளையைத் தூக்குவதுபோல இரண்டு கையிலும் ஒரு பெரிய களவா மீனை ஏந்தியிருந்தார்.

“பாறைப் பொடவுக்குள்ளயே செத்துக் கெடக்கு. கீழ ஒண்ணும் உசுரோட இல்லளா.”

அதைப் படகில் போடவில்லை. தண்ணீரிலேயே மெல்ல விட்டார்.

மறுநாள் ஆய்வகத்துக்கு அவரே வந்து, பார்க்கணும் என்றார். காட்டினேன். கண்ணாடி நிறைய உருண்டைகள், உள்ளே பச்சைப் புள்ளிகள். எப்போதும் துள்ளித் திரியும் சின்ன உயிர்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடந்தன.

“இம்புட்டுக்காணும் உருண்டையா களவாவக் கொன்னுது?”

“இது எப்பவும் கடல்ல உள்ளதுதான். தீனி கூடிட்டா மொத்தமாப் பெருகிருது. மத்தத முழுங்கிருது. பெறவு செத்து அழுகும்போது தண்ணில உள்ள காத்தெல்லாம் போயிருது. மீனு மூச்சு முட்டிச் சாவுது.”

“தீனி எங்கேந்து வருது?”

“ஊரு சாக்கடை. எறால் பண்ணைத் தண்ணி. வயல்ல போடுத உரம். கடலும் முன்ன மாதிரி இல்ல, சூடு கூடிட்டு.”

உரம் என்றதும் என்னை நிமிர்ந்து பார்த்தார். மறுபடி குனிந்து கண்ணாடியில் பார்த்தார்.

தீபாவளிக்கு அப்பாவின் ஊருக்குப் போயிருந்தோம். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவர் பேச்சைத் தொடங்கிவிட்டார். “யூரியாவக் கொஞ்சம் கொறைக்கக் கூடாதா மாமா?”

அப்பாவின் கை இலையிலேயே நின்றது. “உரம் போடலன்னா நெல்லு எப்படி மாப்ளே வெளையும்?”

“ஒங்கள மட்டும் சொல்லல மாமா. எங்க ஊரு சாக்கடையும் அங்கனதான் போவுது.”

“அப்பம் யாரத்தான் சொல்லுதீய?”

அவர் குனிந்து சோற்றைப் பிசைந்தார். நான் மோரை எடுத்து வைத்தேன். அப்பா மோரைக் குடிக்காமல் எழுந்துவிட்டார். நாங்கள் புறப்படும்போது பேத்தியை மட்டும் கொஞ்சினார்.

அந்தப் பிசான நடவில் அப்பா யாரிடமும் சொல்லாமல் ஆற்றோரத்து வயலுக்கு மட்டும் உரத்தைப் பாதியாக்கியிருக்கிறார். பயிர் மஞ்சளடித்து நின்றது. பக்கத்து வயல்காரர்கள், ‘என்ன அண்ணாச்சி, வெள்ளாமைய விட்டுட்டீயளா?’ என்று சிரித்திருக்கிறார்கள். அறுப்பு முடிந்தபிறகு அம்மாதான் போனில் சொன்னாள்.

நான் அதை என் கணவரிடம் சொன்னபோது, கிழிந்த வலையை மடித்து வைத்துக்கொண்டிருந்தார். “நான் அதச் சொல்லிருக்கக் கூடாது,” என்றார். அடுத்த மடிப்பை அமுக்கியபடி, “அவரு ஒருத்தரு கொறச்சு என்ன ஆவப் போவுது,” என்றார். வலையை மடிப்பதை மட்டும் நிறுத்தவில்லை.

பச்சை அதற்குள் கலைந்து போயிருந்தது. பாறை வெளுத்துக் கிடந்தது. சாளை வரவில்லை. அடுத்த கச்சான் காலத்துக்குள் படகை விற்றுவிட்டு, வளைகுடா நாடொன்றில் ஒருவரின் மீன்பிடிப் படகில் வேலைக்குப் போகத் தீர்மானித்துவிட்டார். தெருவில் அவருக்கு முன்பே பலர் போயிருந்தார்கள்.

வழியனுப்ப அப்பா பஸ் ஸ்டாண்டுக்கு வந்திருந்தார். மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டு பேரும் பழைய பேச்சை எடுக்கவில்லை. பஸ் கிளம்பி, கூட்டம் கலைந்த பிறகு என் பக்கம் திரும்பிக் கேட்டார்:

“இப்பம் கடலு தேறிட்டா?”

“தேறிட்டு வருதுப்பா,” என்றேன்.

அந்த வாரம் மைக்ராஸ்கோப்பில் நான் பார்த்த கடல்நீரில் பச்சை உருண்டைகள் இல்லைதான். துள்ளுகிற உயிர்களும் இல்லை. ஒரு துளி, இன்னொரு துளி என்று மாற்றி வைத்துப் பார்த்தேன். வெளிச்சம் மட்டும் வட்டமாகத் தெரிந்தது.