மச்சாள் இழுத்த மேசை

தேற்றாத்தீவில் எங்கள் கிளினிக் நடந்த பொதுமண்டபத்துக் கூரை வளையில் ஒரு கொக்கி இருக்கிறது. முன்பு அதில் ஒரு தராசு தொங்கும். அதன் கீழே துணியில் தைத்த காற்சட்டை. அதற்குள் பிள்ளையின் கால்களை நுழைத்துத் தொங்கவிட்டு, முள் ஆடி நின்றதும் மருத்துவமாது நிறையை உரத்துச் சொல்வார். எழுதுகிறவர் மண்டபத்தின் மறுகோடியில் இருந்ததால்தான் அத்தனை சத்தம். என் மூத்தவன் மெலிந்த பிள்ளை. அவனுடைய நிறையோடு, "காணாது! என்னத்தக் குடுக்கிறீங்க பிள்ளைக்கு?" என்பதும் மண்டபம் முழுக்கக் கேட்டது. எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். கொழுகொழுவென்ற பிள்ளையோடு பக்கத்தில் இருந்தவளோ, கண்ணூறு பட்டுவிடும் என்று தன் முறை வருமுன்பே எழும்பிப் போய்விட்டாள். இனி இந்தப் பக்கம் வருவதில்லை என்று நானும் முடிவெடுத்தேன்.

கிளினிக்குக்கு ஆள் குறைந்ததும் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ, எல்லாரும் வரவேண்டும் என்று அறிவித்தபடி ஒழுங்கை ஒழுங்கையாக வந்தது. எங்கள் சனத்துக்கு விளக்கம் போதாது என்று சுகாதாரப் பகுதியினர் கூட்டத்தில் பேசினார்களாம். கிளினிக் நல்லதென்று எங்களுக்குத் தெரியாதா? நாலு பேர் முன்னால் மானம் போவதுதான் பிடிக்கவில்லை. இதற்கிடையில் மகனுக்கு ஊசி போடும் நாளும் தவறியது. அவன் இன்னும் மெலிந்தான். பயமாக இருந்தது, ஆனாலும் எனக்குக் கால் எழவில்லை.

மச்சாள், என் கணவரின் அக்கா, வாவி மீனும் இறாலும் பெருந்தெருவோரம் விற்பவர். ஊருக்கே கேட்கும் தொண்டை. விஷயம் தெரிந்ததும், "எழும்புகா. பிள்ளையத் தூக்கு" என்று என்னை இழுத்துக்கொண்டு போய்த் தராசடியில் நின்றார்.

"மிஸ், நான் மீனுக்கு நிறை கூவுறது ஆக்கள் வாங்கட்டும் எண்டுதான். நீங்க பிள்ளைக்குக் கூவுறது ஆர் வாங்க?"

மருத்துவமாதுக்கு முகம் சிவந்தது. "எழுதுறவ அங்கால இருக்கிறா. கத்தாம நான் என்ன செய்யிற?"

அதுவும் நியாயம்தான். மச்சாள் சண்டையை அத்தோடு விட்டார். நேரே போய் எழுதுகிறவரின் மேசையில் ஒரு பக்கத்தைப் பிடித்து, "மத்தப் பக்கம் பிடிகா" என்றார். பிள்ளையை ஒருத்தியிடம் கொடுத்துவிட்டுப் பிடித்தேன். இருவருமாக இழுத்துவந்து தராசடியில் போட்டோம். அன்று என் மகனின் நிறை, எழுதியவருக்கும் எனக்கும் மட்டும் கேட்டது. மருத்துவமாது குரலைத் தணித்து, முட்டையும் மீனும் மசித்துக் கொடுக்கும் விதம் சொல்லித் தந்தார். முகத்தில் கோபம் மிச்சம் இருந்தது. மேசையை மட்டும் அவர் திருப்பி வைக்கவில்லை. ஊசியும் போட்டார்கள். விட்டுப்போன பெண்கள் ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள். ஆட்டோ அதன்பிறகு வரவில்லை.

மகன் இன்று வாசலில் குனிந்து நுழைகிற ஆள். மச்சாள் போய்ச் சேர்ந்துவிட்டார். சில நேரங்களில் அவரைத்தான் மனம் தேடுகிறது. போன மாதம் அதே மண்டபத்தில், அதே கொக்கிக்குக் கீழே, சீனி வருத்தம் பார்க்கும் முகாம் நடந்தது. இரத்தம் எடுத்த தம்பி ஒவ்வொருவரின் சீனி அளவையும் கூவ, மறுகோடியில் மேசை போட்டு ஒரு பெண்பிள்ளை எழுதினாள். வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் மெல்லச் செருப்பைத் தேடினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே போய் மேசையின் ஒரு பக்கத்தைப் பிடித்தேன்.

"அண்ணன், போகாதீங்க. மத்தப் பக்கம் பிடிங்க" என்றேன்.