எண்ணிக்கை சரியாக இருந்தது

திண்டிவனம் நீதிமன்றத்துக்கு அருகே ஒரு சந்தில் கவிதா தட்டச்சுக் கடை வைத்திருக்கிறாள். வக்கீல்களின் மனுக்களோடு, பழைய கணினிகளில் கிடக்கும் மின்னஞ்சல்களைப் புதிய கோப்பு வடிவத்துக்கு மாற்றித் தருவதும் அவள் வேலை. மாற்றியதும் எண்ணிக்கையை ஒப்பிடுவாள். நாலைந்தைத் திறந்து பார்ப்பாள். பிறகு பழைய டிஸ்க்கை யாராலும் மீட்க முடியாதபடி அழித்துவிடுவாள். அடுத்தவர் பேச்சு காயலான் கடையில் கிடக்கக் கூடாது என்பாள்.

அவள் கணவன் நடராசன் மஸ்கட்டில் ஏ.சி. மெக்கானிக். வெள்ளிதோறும் அவளுக்குத் தமிழில் மின்னஞ்சல் எழுதுவான். அப்போதெல்லாம் தமிழுக்கு ஆளுக்கொரு எழுத்துரு. விடுப்பில் வந்தபோது தன்னுடையதை அவள் கணினியிலும் ஏற்றிவிட்டுப் போனான். அடுத்த முறை பெட்டியில்தான் வந்தான். அதன்பின் அந்த அஞ்சல்களை அவள் திறக்கவில்லை. அவை இருக்கின்றன என்பதே போதுமாக இருந்தது. படிக்காமல் வைத்திருப்பதையும் வைத்திருப்பது என்றுதான் நாம் எல்லோரும் நினைத்துக்கொள்கிறோம்.

போன மாசியில் அந்தக் கணினி கரகரவென்று சத்தம் போட ஆரம்பித்தது. பயந்துபோய் அஞ்சல்களை மாற்றினாள். பழையதிலும் புதியதிலும் ஒரே எண்ணிக்கை. ஆங்கிலத்தில் இருந்த தலைப்புகளும் சரியாக நின்றன. இனி திறந்து பார்க்க வேண்டும். பிறத்தியார் அஞ்சல் என்றால் யோசித்திருக்க மாட்டாள். இவற்றைத் திறக்கக் கை வரவில்லை. எண்ணிக்கைதான் சரியாக இருக்கிறதே என்று, அவன் எழுதியது எவன் கண்ணிலும் படக் கூடாது என்று, பழைய டிஸ்க்கை அழித்தாள்.

மகள் ஆர்த்தி, தன் நிச்சயம் முடிந்த மறுநாள் கடைக்கு வந்து கேட்டாள்.

"அப்பா என்னப் பத்தி எழுதியிருப்பாரில்லம்மா? ஒண்ணே ஒண்ணு படிச்சுக் காட்டேன்."

கவிதா திறந்தாள். பக்கம் முழுக்கக் கேள்விக்குறிகள். அடுத்ததும் அப்படியே. நடராசனின் எழுத்துருவைப் புதிய வடிவம் தமிழ் என்று அறியவில்லை. அறியாத எழுத்துக்கெல்லாம் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டது.

டிஸ்க்கை எடுத்துக்கொண்டு விழுப்புரம் போனாள். அழிந்ததை மீட்டுத் தரும், தொழிலில் அவளுக்கு வெகுநாள் பழக்கமான பிரவீன்குமார் கடையில் உட்கார்ந்திருந்தாள். அவன் சாயங்காலம்வரை பார்த்தான்.

"ஒண்ணுமில்லக்கா. பழசு மேல பூரா பூஜ்யத்த எழுதி வச்சிக்கிற."

"புது ஃபைல்ல இருக்கிற கேள்விக்குறிய திருப்ப முடியாதா?"

"எல்லாமே ஒரே குறிதானக்கா. எது எந்த எழுத்துன்னு எப்படிச் சொல்றது? ஊருக்கெல்லாம் தொறந்து பாத்துட்டுத்தானே அழிப்ப, உன்னுதுக்கு மட்டும் இன்னா ஜல்தி?"

அவன் டீ வாங்கி வைத்தான். ஆறிப்போயிற்று.

மறுநாள் ஆர்த்தி மறுபடி கடைக்கு வந்தாள். கவிதா முதல் அஞ்சலைத் திறந்து வைத்திருந்தாள். இடைவெளிகள் அப்படியே இருந்தன. காற்புள்ளிகளும் தேதிகளும் இருந்தன. உச்சியில் ஐந்து கேள்விக்குறிகள், ஒரு காற்புள்ளி. எல்லா அஞ்சலும் அப்படித்தான் தொடங்கின.

"இது என்னம்மா?"

"எம் பேரு."

ஆர்த்தி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். திரையில் கண்ணை ஓட்டினாள்.

"எம் பேரு எங்கம்மா இருக்கு?"

கவிதா பக்கத்தைக் கீழே நகர்த்தினாள். இன்னும் நகர்த்தினாள். எங்கோ இருந்தது. அவளால் தொட்டுக் காட்ட முடியவில்லை.