ஆடியில் ஏற்றிய மரம்

எங்கள் வீட்டுப் பரணில் முன்பெல்லாம் மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலை மூட்டைதான் கிடக்கும். மகள் பன்னிரண்டாம் வகுப்புக்குப் போன வருஷம், அவளே மூட்டைகளை இறக்கிப் பலகையைத் துடைத்துவிட்டு, புத்தகங்களோடு மேலே குடியேறினாள். கீழே இருப்பது ஒரே அறை. சமையல், டிவி, வந்து போகிற சொந்தம் எல்லாம் அதற்குள்தான். மேலே நிம்மதி உண்டு, வெளிச்சம்தான் இல்லை. பட்டப்பகலிலும் பல்பு போட்டுக்கொண்டு படிப்பாள்.

என் வீட்டுக்காரர் தச்சர். திண்டிவனத்தை ஒட்டிய எங்கள் ஊரிலிருந்து தினமும் வண்டியில் குயிலாப்பாளையம் போய், அந்தப் பக்கத்து வெள்ளைக்காரர்களின் வீடுகளுக்குக் கூரை வேலை செய்கிறவர். அங்கே ஒரு வீட்டில் கழற்றிப் போட்ட கூரைக் கண்ணாடியை ஒருநாள் சட்டத்தோடு டெம்போவில் கொண்டுவந்து இறக்கினார். இரண்டு ஆள் தூக்குகிற கனம். மகள் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

ஆனி முடிய இரண்டே நாள்தான் இருந்தது. ஆடியில் வீட்டு வேலை தொடங்கக் கூடாது. என் அண்ணன் யார் பேச்சையும் கேட்காமல் ஆடியில் கடைக்கால் போட்ட வீடு லிண்டலோடு நின்று, இன்றைக்கும் அதில் ஆடுதான் கட்டுகிறார்கள். ஆவணி வரைக்கும் பொறுக்கலாமே என்றார் என் வீட்டுக்காரர். பிள்ளை இருட்டில் கிடக்கிறாள், இரண்டு நாளில் முடித்தாக வேண்டும் என்று நான் ஒற்றைக் காலில் நின்றேன்.

அவர் கூரை ஓடுகளைப் பிரித்தார். கூரையைத் தாங்குகிற கைமரங்களில் நடுவில் இருந்த ஒன்றை அறுத்து, வெட்டிய முனைகளைக் குறுக்குக் கட்டை வைத்து இரண்டு பக்கத்துக் கைமரங்களோடும் பிணைத்து, கண்ணாடியை உட்காரவைத்தார். அறுபட்ட மரம் சுமந்த பாரமெல்லாம் இப்போது அந்த இரண்டின் தலையில். அவற்றோடு ஆளுக்கொரு புது மரத்தைச் சேர்த்து போல்ட் முடுக்கினால்தான் வேலை முடியும். அதற்குள் ஆனி முடிந்துபோனது. மறுநாள் மரம் எடுத்து வருகிறேன் என்று கிளம்பியவரை வாசலிலேயே நிறுத்தினேன்.

"ஆடி பொறந்துடுச்சி. இனிமே இந்த வூட்டுல புது மரம் ஏத்தக் கூடாது. ஆவணி ஒண்ணாந்தேதி பாத்துக்கலாம்."

ஒரு மாசம் தாங்குமா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. வேலை இடத்தில் அரை அங்குலத்துக்காக முதலாளியோடு மல்லுக்கு நிற்கிற மனுஷன், என்னிடம் மட்டும் வாயைத் திறக்க மாட்டார். அதை மரியாதை என்று நினைத்துப் பெருமைப்பட்டவள் நான்.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். எங்கள் ஓடு ஒன்றுகூடப் பறக்கவில்லை. ஆனால் சாயங்காலம் காற்று எழும்பும்போது மேலே ஏதோ முனகியது. எலியாக இருக்கும் என்றேன். எலி இல்லம்மா என்றாள் மகள். நல்ல நாளும் அதுவுமாக வாயை வைக்காதே என்று அதட்டினேன். அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. என் பேச்சுக்கு அடங்கிவிட்டாள் என்று இருந்துவிட்டேன்.

அம்மனுக்குக் கூழ் ஊற்றுவதற்கு முதல்நாள், சனிக்கிழமை, வீட்டைக் கழுவிவிட்டுப் பரணைத் துடைக்க ஏறினேன். மகள் கீழே கேப்பை மாவு சலித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய புத்தக அலமாரிக்குப் பின்னால், கைமரத்தை ஒட்டி, ஓட்டுக்கு அடியில் அடிக்கிற ரீப்பர் பட்டையில் ஒரு துண்டு செங்குத்தாக நின்றது. குப்பை என்று எடுக்கப் போனேன். அதில் பென்சில் கோடுகள் இருந்தன. கைமரத்தின் அடிப்பக்கம் எந்த உயரத்தில் நிற்கிறது என்று ஒவ்வொரு கோடாகப் போட்டு, பக்கத்தில் பொடி எழுத்தில் தேதி எழுதியிருந்தாள். ஐந்து கோடு. ஒவ்வொன்றும் முன்னதற்குக் கீழே. முதல் கோட்டுக்கும் கடைசிக் கோட்டுக்கும் நடுவே என் சுண்டுவிரலை வைத்துப் பார்த்தேன், சரியாக இருந்தது. அந்தக் கைமரத்துக்கு நேர் கீழேதான் அவளுடைய பாயும் தலையணையும்.

இறங்கிவந்து அந்தத் துண்டை அவள் முன்னால் வைத்தேன். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சல்லடையிலிருந்து கண்ணை எடுக்காமல் பதில் சொன்னாள்.

"சொன்னா நீ திட்டுவ. இல்லன்னா கண்ணாடிய எடுத்துடுவீங்க."

அவருக்குப் போன் போட்டேன். ஒரு மணி நேரத்தில் இரண்டு புது மரத்தோடும் வந்து நின்றார். அளவாக அறுத்து, போல்ட்டுக்குத் துளையும் போட்டு, ஆடி முதல் தேதியிலிருந்து பட்டறையில் வைத்திருந்தாராம். சவுக்குக் கழிகளை முட்டுக் கொடுத்து, தொய்ந்த கைமரங்களை ஒவ்வொன்றாக ஜாக்கி வைத்து மெல்ல மெல்லத் தூக்கினார். புது மரத்தின் ஒரு முனையை நான் பிடித்துக்கொண்டேன். எதிர்வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, ஆடியிலா என்றாள். நான் மரத்தை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். எத்தனை நாள் தாங்கியிருக்கும் என்று அவரிடம் கேட்டேன். தெரியல என்றார். தாங்காதுன்னு தெரிஞ்சும் ஏன் சும்மா இருந்தே என்று கத்தினேன். போல்ட்டை முடுக்கிக்கொண்டே சொன்னார்.

"நீதான் வேணான்னுட்டியே."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மரத்தை விட முடியாததால் கண்ணைத் துடைக்கவும் முடியவில்லை.

அன்று சாயங்காலமே மகள் ரீப்பர் துண்டைப் பழைய இடத்தில் நிறுத்தி, புதிதாக ஒரு கோடு போட்டுத் தேதி எழுதினாள். இனிமேல் அது எதற்கு, அடுப்பில் வைத்துவிடலாம் என்றேன். இருக்கட்டும்மா என்றாள்.

இப்போது கார்த்திகை. எத்தனையோ மழை பெய்து ஓய்ந்துவிட்டது. அந்தக் கோட்டுக்குப் பிறகு புதுக் கோடு எதுவும் ஏறவில்லை. ஆனால் ஏதாவது ஒன்று என்றால் அவள் என்னிடம் வந்து சொல்வாள் என்ற நம்பிக்கை எனக்குப் போய்விட்டது. அவள் பள்ளிக்கூடம் போனதும் ஏணி வைத்து ஏறி, தினமும் அந்தத் துண்டை நானே பார்த்துவிட்டு இறங்குகிறேன்.