வலது காதில் அடைபட்டது

வலது காது திடீரென்று கேட்காமல் போனதும் பக்கவாதம் என்றே நம்பிவிட்டேன். எண்ணூர் இரும்புப் பட்டறையில் கிரைண்டர் பிடிக்கிறவன் நான். காது போனால் வேலையும் போச்சு.

"மேரி, வாயி கோணிக்கினு கீதான்னு பாரு" என்று மனைவியிடம் பத்துமுறை கேட்டேன்.

"உன் வாயி என்னிக்குய்யா நேரா இருந்துது? எய்ந்து வா" என்று ஆட்டோவில் ஏற்றினாள்.

அவசரப் பிரிவில் டாக்டரம்மா கேட்பதற்கு முன்பே, பக்கவாதச் சோதனைக்கு என்று இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினேன். அவரோ காதில் விளக்கடித்துப் பார்த்து, இடுக்கியால் கறுப்பாக ஏதோ இழுத்தார். உடனே வலப்பக்கம் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது. மேரி அழுதுகொண்டிருந்தாள்.

இப்போதெல்லாம் பட்டறையில் தரும் காதுமூடியைத்தான் மாட்டுகிறேன். அன்று வெளியே வந்தது, இரைச்சலுக்குப் பயந்து முந்தின நாள் நானே இரண்டு காதிலும் அடைத்து, வலதில் மட்டும் எடுக்க மறந்த எண்ணெய் துடைக்கும் பனியன் துணி.